கோபம் வந்தால் போக ஒரு வீடு

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் என் விசிட்டிங் கார்டைப் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஆக்லாந்தில் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு, அந்த ஊரில் எப்படிக் காலூன்றுவது என்று சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறேன். பஸ் கார்டு வாங்குவது, டாக்டரிடம் பேசுவது, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பது, யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை ஓட்டுவது எல்லாம் அதில் வரும். கார்டில் 'வாழ்க்கைப் பயிற்சியாளர்' என்று போட்டிருக்கிறது. திருச்சியில் அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை ஊருக்கு வந்தது அண்ணன் மகள் கல்யாணத்துக்கு. கூடவே ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டது. என் வகுப்புக்கு வரும் ஹாமிது கீழக்கரைக்காரன். ஆக்லாந்தில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். போன வருஷம் ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு தனியாகத் திரும்பினான். மனைவிக்கு இப்போதுதான் விசா கிடைத்திருந்தது.

"அவ தனியா எங்கயும் போனதில்ல மேடம். நீங்க திரும்பி வர்றப்ப கூடவே கூட்டிட்டு வந்துருங்க. கொஞ்ச நாள் முன்னாடியே போய் அவங்க வீட்டுல தங்கி, எங்களுக்குச் சொல்லித் தர்றதை எல்லாம் அவளுக்கும் சொல்லிக் குடுத்துருங்க" என்றான். கூடவே ஒரு போட்டோ ஆல்பத்தையும் என் கையில் திணித்தான். அவளுக்காக அவன் தயார் செய்திருக்கும் வீட்டின் படங்கள். நேரில்தான் காட்ட வேண்டும், சர்ப்ரைஸ் என்றான்.

சரி என்று சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. மதுரையில் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போகிறோம். பாஸ்போர்ட் தொலைந்தால்? வழியில் காய்ச்சல் வந்தால்? நான் கைப்பையைத் திறந்து என் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். பரமக்குடி வருவதற்குள் இதையே பல தடவை செய்திருப்பேன்.

சத்திரக்குடி தாண்டியதும் டயர் பஞ்சர். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவே ரோடு, அதன் மேல் வெயில். ஆக்லாந்தில் பஸ் கொஞ்சம் தாமதமானால் டிரைவர் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பார். இங்கே டிரைவர் எங்களைப் பார்த்து, "எல்லாரும் நெழலுப் பக்கமாவே உக்காந்தா டயரு என்ன செய்யும்?" என்றார். முதுகுளத்தூர்க்காரர் ஒருவர் மிளகாய் வற்றல் மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். எனக்குத் தும்மல் பிடித்தது. ராமநாதபுரத்தில் பஸ் மாறி, கீழக்கரையில் இறங்கும் வரை தும்மிக்கொண்டே இருந்தேன்.

மரியம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பி.காம். முடித்தவள், கண்ணில் எப்போதும் ஒரு கேள்வி. அவள் உம்மா ஹதீஜா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார். வாப்பா காதர் பாய், முன்பு வளைகுடாவில் கடை வைத்திருந்தவர், சலாம் சொல்லிவிட்டு மீன் வாங்கக் கிளம்பிவிட்டார். தேத்தண்ணியும் தொதலும் வந்தன. தேங்காய்ப் பாலையும் கருப்பட்டியையும் கிண்டிக் கிண்டிக் கறுப்பாக்கிய இனிப்பு. விரலில் ஒட்டாமல் பல்லில் மட்டும் ஒட்டும். நான் மூன்றாவது துண்டை எடுத்தபோது பின்வாசல் வழியாக மாமிகளும் சாச்சிகளும் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பின்பக்கமாகக் கதவு இருக்கிறது. முன்தெருவில் தலைகாட்டாமலே பெண்கள் பாதி ஊரைச் சுற்றி வந்துவிடலாம்.

"வீடு நல்லா விசாலமா இருக்கு" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"இது மரியம் வீடு" என்றார் ஹதீஜா உம்மா. "இவ பள்ளிக்கூடம் போறப்பவே இவ வாப்பா கட்டுனது. சின்னவளுக்குப் பின்னால கட்டிக்கிட்டு இருக்கோம்."

"அப்ப மாப்பிள்ளை?"

"மாப்புள்ள இங்கனதான வந்தாக. பொண்ணு வீட்டுக்குத்தான மாப்புள்ள வருவாக."

எங்கள் திருச்சிப் பக்கம் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்றால் அது ஒரு ஏச்சு. இங்கே ஊருக்கே அதுதான் வழக்கம். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள், கட்டிக்கொண்டவன் பெட்டியோடு வந்து சேருவான். கடல் வியாபாரத்துக்குப் போன ஆண்கள் வருவதும் போவதுமாக இருக்க, வீடு பெண்களிடம் நின்றுவிட்டது போலிருக்கிறது. கேட்க வேடிக்கையாக இருந்தது. இதற்கும் என் வேலைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

மறுநாள் காலை இடியாப்பத்துக்கும் மாசிக் கருவாட்டுச் சம்பலுக்கும் பிறகு வகுப்பு தொடங்கியது. மரியத்தின் பெட்டி ஏற்கனவே பாதி நிரம்பியிருந்தது. நான் பயந்ததற்கு மாறாக அவள் கற்பூரமாகப் பற்றிக்கொண்டாள்.

"பஸ்ல தப்பா ஏறிட்டா என்ன செய்ய, டீச்சர்?"

"பதறாம அடுத்த ஸ்டாப்புல எறங்கி, எதிர்ப்பக்கம் போய் நிக்கணும்."

"இங்கனயும் அதான" என்றாள்.

குளிர், தனிமை, ஹலால் கறி கிடைக்கும் இடம், ஆங்கிலத்தில் 'முடியாது' என்று எப்படி மரியாதையாகச் சொல்வது, எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. எனக்கே என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. மத்தியானம் மீனாணமும் சோறும் சாப்பிட்டோம். அவர்கள் குழம்பை ஆணம் என்கிறார்கள், விளைமீன் போட்டது. கை கழுவி வந்ததும் ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஹாமிது உழைத்திருந்தான். சோபா, திரைச்சீலை, கட்டில் விரிப்பு. சமையலறையில் அரிசி டப்பா முதல் சோம்பு டப்பா வரை வரிசையாக, ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் பேர். தொழுகை விரிப்பு மடித்து அலமாரியில். வாசலில் அவளுக்கென்று வீட்டுச் செருப்புக்கூட. ஆக்லாந்தில் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எனக்குக் கண் கலங்கியது. என் முதல் வீட்டில் ஒரு கரண்டிகூட இல்லை.

மரியம் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

"எல்லாம் வாங்கியாச்சா?"

"எல்லாம்" என்றேன் பெருமையாக. "நீ பெட்டியோட போனாப் போதும்."

அவள் ஆல்பத்தை மூடி என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஹதீஜா உம்மா அதை வாங்கிப் பார்த்தார். கடைசிப் பக்கம் வந்ததும், "அப்ப எம் புள்ள மாப்புள்ள வீட்டுக்கா போறா?" என்றார், என்னிடம் கேட்பது போலவும் கேட்காதது போலவும். வேறு எங்கே போவாள் என்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் மரியம் வந்து, "டீச்சர், நான் போகல. நீங்க போயிட்டு வாங்க" என்று நிதானமாகச் சொன்னாள். பெட்டியிலிருந்த துணியெல்லாம் திரும்பக் கட்டிலில் இருந்தது.

நான் வரும்வரை கிளம்பத் தயாராக இருந்த பெண், நான் வந்த மறுநாள் மாட்டேன் என்கிறாள். அந்த நேரம் பார்த்து ஹாமிது போன் செய்தான். "ஆல்பம் பாத்தாளா மேடம்? என்ன சொன்னா?" என்றான். அசந்துபோயிட்டா என்றேன். போனை வைத்த பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை முழுக்க அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மரியம் எனக்கு இடியாப்பம் வைத்தாள், இன்னும் கொஞ்சம் பால் ஊற்றவா என்று கேட்டாள், காரணம் மட்டும் சொல்லவில்லை. வகுப்பில் நான் சொல்லித் தரும் முறைப்படி, "உன் மனசுல என்ன இருக்குன்னு ஒரே வரியில சொல்லு" என்றேன். "ஒரு வரியில வராது டீச்சர்" என்றாள். மத்தியானம் ஹதீஜா உம்மாவுக்கும் காதர் பாய்க்கும் வாக்குவாதம் வந்துவிட்டது.

"வெளிநாட்டு மாப்புள்ள வேணும்னு நீங்கதான ஒத்தக் கால்ல நின்னீக?"

"நானா நின்னேன்? நீதான படிச்ச புள்ளைக்குப் படிச்ச மாப்புள்ள வேணும்ன?"

"பாஸ்போர்ட்டு எடுத்துக் குடுத்தது யாரு?"

காதர் பாய் எழுந்தார். சட்டையை மாட்டினார், செருப்பைப் போட்டார், வாசலைத் தாண்டிப் போயே போய்விட்டார். ஒரு குடும்பமே என்னால் உடைகிறது என்று நினைத்தேன். அவர் பின்னால் யாராவது போக வேண்டாமா என்று மரியத்திடம் கேட்டேன்.

"பயப்படாதீக டீச்சர். மாமி வீட்டுக்குத்தான் போறாக, வாப்பாவோட தங்கச்சி வீடு. அங்கன தேத்தண்ணி குடிச்சுட்டு, அஸரு தொழுதுட்டு வந்துருவாக."

அப்படியே நடந்தது. சாயங்காலத் தொழுகை முடிந்து ஒரு பையில் முருங்கைக்காயோடு வந்தார். ஹதீஜா உம்மா பையை வாங்கிக்கொண்டார். "உள்ள வாங்க" என்று மட்டும் ஒரு வார்த்தை. ராத்திரிச் சாப்பாட்டில் முருங்கைக்காய் இருந்தது, சண்டை இல்லை. என்னால்தான் சாப்பிட முடியவில்லை. இன்னும் இரண்டு நாள்தான், அதற்கு மறுநாள் விடியற்காலை நாங்கள் கிளம்பியாக வேண்டும்.

நான்காம் நாள் காலை ஹதீஜா உம்மாவே என்னை வெளியே தள்ளினார். "ராமேஸ்வரம் போகணும்னு உங்க உம்மா சொல்லிவிட்டதாச் சொன்னீகளே. போயிட்டு வாங்க. மரியமும் வரட்டும். தனியா விட்டா நீங்க பயந்துபோவீக." பயிற்சியாளருக்குத் துணை. எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. வழியில் எப்படியாவது இவள் மனதை மாற்ற வேண்டும் என்பதிலேயே என் புத்தி இருந்தது.

பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் ஒரு வடநாட்டுத் தம்பதி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கையில் பித்தளைச் செம்பு. பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் கடல், காற்று கைப்பிடிச் சுவரை அடித்துக்கொண்டிருந்தது, கீழே ரயில் பாலம் ஒரு கோடு மாதிரி. மரியம் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துத் தின்றாள். ஆக்லாந்திலும் துறைமுகத்தின் மேல் பெரிய பாலம் இருக்கிறது. இருபது வருஷமாக அதைக் கடக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். இதை வகுப்பில் சொன்னதில்லை.

அக்காள்மடத்தில் பஸ் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, மூடியைத் திறந்து பார்த்து, தலையைச் சொறிந்தார். கண்டக்டர், "பின்னால வார வண்டியில ஏத்தி விடுறோம், எறங்கிக்கங்க" என்றார். பின்னால் வந்த வண்டியில் நிற்கவும் இடமில்லை. எல்லோரும் ரோட்டோரம் பனைமர நிழலாகப் பார்த்து ஒதுங்கினோம். கருவாட்டு வாசனையும் வெயிலும் ஒன்றாக வந்தன. அந்த வடநாட்டம்மா கணவரிடம் சடசடவென்று பேச ஆரம்பித்தார்.

"என்ன சொல்றாக?" என்று மரியம் என்னிடம் கேட்டாள். ஆக்லாந்தில் ஃபிஜி நாட்டு இந்தியர்கள் நிறைய. அவர்களோடு பழகி எனக்கு இந்தி ஓரளவு வரும்.

"'டாக்ஸி பிடிக்கலாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காலையிலேர்ந்து ஒரு டீ வாங்கிக் குடுக்கல. எந்தச் சாமியக் கும்பிட்டாலும் உங்க புத்தி மாறாது'ங்கறாங்க."

அந்தப் பெரியவர் செம்பை மனைவியின் பக்கத்தில் வைத்தார். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அங்கே நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்ப் பேரம் பேசினார். ஓலைக் கொட்டானில் நுங்கோடு திரும்பி வந்தார். அந்தம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். இருவரும் ஒரே கொட்டானிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

மரியம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வாப்பா மாதிரியே" என்றாள். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், அங்கன மச்சான் எங்க போவாக?"

"எப்ப?"

"சண்ட வந்தா."

நான் முழித்தேன்.

"எங்க ஊருல சண்டன்னா ஆம்பளைக வெளிய போயிருவாக. உம்மா வீட்டுக்கு, தங்கச்சி வீட்டுக்கு. கோவம் ஆறுனதும் வருவாக. நாங்க வீட்டுலயே இருப்போம், எங்க வீடுதான. கல்யாணத்துக்கு வந்த ஒரு மாசத்துல மச்சானும் ரெண்டு தடவ போயிட்டு வந்தாக" என்று சிரித்தாள். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. "அந்தப் போட்டோவுல பாத்தேன். ஒரு ஹாலு, ஒரு ரூமு. எல்லாம் அவுக வாங்குனது, அவுக அடுக்குனது. டப்பாவுக்குக்கூட அவுகதான் பேரு எழுதியிருக்காக. அவுக வீட்ட விட்டு அவுக எதுக்குப் போகணும்? அப்ப நான்தான வெளிய போகணும். நான் எங்க போவேன் டீச்சர்? எனக்கு அங்கன யாரு வீடு இருக்கு?"

எத்தனையோ வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. பதில் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. என் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"நான் துணி துவைக்கிற கடைக்குப் போவேன்."

"எதுக்கு?"

"புதுசாப் போனப்ப. எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனாலும் சண்டை வருமே. கோவிச்சுக்கிட்டு வெளிய வந்தா அந்த ஊர்ல எனக்குப் போக்கிடம் கெடையாது. தெருமுனையில காசு போட்டுத் துணி துவைக்கிற கடை ஒண்ணு இருந்துச்சு. உள்ள கதகதப்பா இருக்கும். யாரோட துணியோ சுத்துறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"யாரும் கூப்பிட வந்தாகளா?"

"இல்ல. கடை சாத்துற நேரம் நானாத் திரும்பிப் போவேன்."

மரியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதான் டீச்சர்" என்றாள் மெதுவாக. நான் அழுதுவிட்டேன். இருபது வருஷத்துக்கு முந்தைய அழுகை, அக்காள்மடத்து ரோட்டோரத்தில், கண்டக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவர் என்ன நினைத்தாரோ, "அழாதீகம்மா, அடுத்த வண்டியில கண்டிப்பா சீட்டுப் போட்டுத் தாரேன்" என்றார். அடுத்ததாக வந்தது எதிர்ப்பக்கத்து வண்டி. ராமேஸ்வரம் போகாமலே அதில் ஏறித் திரும்பினோம். அம்மாவிடம் இன்றுவரை கோயிலுக்குப் போனதாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஹாமிது வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து மறுநாள் மத்தியானம் போன் போட்டோம். செல்போனை ஸ்பீக்கரில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். நான்தான் பேசினேன். மரியத்துக்கு என்ன கஷ்டம் என்று சொன்னேன். அவன் முதலில் நொந்துபோனான். "எல்லாம் அவளுக்காகத்தான் மேடம் செஞ்சேன்."

"தெரியும்ப்பா. ஆனா அது உன் வீடா ஆயிடுச்சு. வாங்குன சாமானையெல்லாம் பெட்டியில போட்டு வை. அவ வந்து எடுத்து அடுக்கட்டும். அவ உள்ள போறப்ப நீ அங்க இருக்க வேண்டாம்."

அவன் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நான் எங்க போறது, மேடம்?" என்றான்.

மரியம் போனைக் கையில் எடுத்தாள். ஆல்பத்தைப் பார்த்த பிறகு அவள் அவனோடு பேசுவது அதுதான் முதல் தடவை. "நானும் அதத்தான் மச்சான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "ஒங்களுக்குக் கோவம் வந்தா போறதுக்கு ஒரு வீடு பாத்து வைங்க. போனா அவுக மூஞ்சி சுளிக்காத வீடா இருக்கணும். நான் வந்து வீட்ட ஒழுங்கு பண்ணிட்டு ஆளனுப்புறேன். அப்பறம் வாங்க."

"பசங்க சிரிப்பானுக, மரியம். சொந்த வீட்டுக்கு வெளிய நிக்கிறான்னு."

"கீழக்கரைப் பசங்களா சிரிப்பாக?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். அவன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆம்பளை ரோஷம் எதில் முட்டிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும். சாயங்காலம் முழுவதும் போனையே பார்த்தேன். கீழக்கரையில் எல்லோருக்கும் போன் வந்தது, எங்களுக்கு மட்டும் வரவில்லை. மரியம் துணிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினாள், ஆனால் மூடவில்லை. அவள் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக மடித்துக் கொடுத்தாள். வீட்டில் எல்லோரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொள்வது போல.

விடிந்தது. மதுரைக்குப் போகும் கார் வாசலில் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் என் பெட்டியை ஏற்றிவிட்டு, அவளுடையதை ஏற்றச் சொல்ல வாய் வராமல் நின்றேன். இந்தப் பெண் வராவிட்டால் இவள் கல்யாணம் என்ன ஆகும், ஹாமிதின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று இரண்டு கேள்விதான் மாறி மாறி ஓடியது. காதர் பாயின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் பதற்றத்தில் தவறான பொத்தானை அமுக்கி அதை நிறுத்தினார். ஹதீஜா உம்மா பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. மறுபடி அடித்தது.

"மாமா" என்றான் ஹாமிது. "கீழ் வீட்டுல திருநெல்வேலிக்காரர் ஒருத்தர் குடும்பத்தோட இருக்காரு. எனக்குக் கோவம் வந்தா உங்க வீட்டுல வந்து உக்காரலாமான்னு கேட்டேன். எப்ப வேணா வாங்கன்னாரு. அவருக்குக் கோவம் வந்தா நம்ம வீட்டுக்கு வரலாமான்னும் கேட்டாரு. மரியத்த ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

காதர் பாய் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் போய்ப் பெட்டியை மூடினாள். அப்போதுதான் ஹதீஜா உம்மா அழ ஆரம்பித்தார்.

பயணத்தில் பாஸ்போர்ட் தொலையவில்லை. மரியத்துக்குக் காய்ச்சல் வரவில்லை, எனக்குத்தான் வந்தது. ஆக்லாந்து விமான நிலையத்தில் ஹாமிது ஒரு பூங்கொத்தோடு நின்றான். அதை அவளிடம் கொடுத்தான், அதன்மேல் சாவியை வைத்தான். "நான் கீழதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிப் போனான். அவளை நான் டாக்ஸியில் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். மரியம் புர்காவைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையில் இறங்கினாள். சோபாவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு என்னையும் பிடித்துத் தள்ள வைத்தாள். டப்பாக்களில் அவன் எழுதியிருந்த பேர்களை ஈரத்துணியால் துடைத்தாள், எதில் எது இருக்கிறதென்று மோந்து பார்த்து வைத்துக்கொண்டாள். கிச்சடியும் வெங்காயச் சம்பலும் செய்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். ஹாமிது கீழ் வீட்டுக்குள் உட்காராமல் கார் நிறுத்துமிடத்துக் கூரைக்கு அடியில் நடை போட்டுக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டுடலாமேம்மா. சாரல் அடிக்குது."

"இருங்க. இன்னும் திர மாட்டல."

திரை மாட்டினாள். வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். முகம் கழுவி, வேறு உடை மாற்றி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். விமானத்தில்கூடப் பயப்படாத பெண், இப்போது முக்காட்டை இரண்டு தடவை சரிசெய்தாள்.

"எங்க ஊருல மாப்புள்ளைய அழைச்சுட்டு வாரது பொண்ணு வீட்டு ஆளுகதான்" என்றாள். "எனக்கு இங்கன ஆளு நீங்கதான், சாச்சி. போய்க் கூட்டிட்டு வாங்க."

அவர்கள் வீட்டில் உம்மாவின் தங்கையைத்தான் சாச்சி என்பார்கள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளை அழைக்கப் படியிறங்கினேன்.